பதினோராவது கேள்வி

கம்பமெட்டு ஏறும்போது ஜீப்பில் பதினாறு பேர்.
மடியில் தூக்குச்சட்டி, முழங்காலோடு முழங்கால் இடி.
என் தொண்டையில் மட்டும் மூன்று நாளாய் ஒரு கூழாங்கல்.
பனி என்றேன்.
மார்கழிதானே, யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

ஏலச்செடியின் தூரில் குனிந்திருந்தபோது
கங்காணி, 'ஒச்சம்மா' என்று கூப்பிட்டார்.
பதில் சொன்னேன். காற்றுதான் வந்தது.
அவரேதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நான்
தவசியின் பெண்டாட்டி இல்லை, ஒரு நாள் கூலி.
அங்கே பொய் சொல்வது சிரமம்.
யார் மானத்துக்காகச் சொல்ல?

ஷைனி சிஸ்டர் ஒரு தாள் எடுத்தாள்.
மலையாளத்தில் வாசித்தாள், தமிழில் கேட்டாள்,
நடுநடுவே இரண்டுக்கும் பிறந்த பாஷையில்.

குடிப்பாரா?
சிரிக்கப் போய் இருமினேன்.

வேலை?
திராட்சைப் பந்தலில் கவாத்து.
மழையில் கொடி அழுகியதிலிருந்து அதுவும் இல்லை.
உங்களுக்கு எவ்வளவு கூலி?
அவர் வாங்கியதைவிட நூற்றைம்பது கூட.
சொல்லும்போதே குரலைத் தாழ்த்தினேன்,
மிச்சமிருந்த குரலை.

அவர் அப்பா அவர் அம்மாவை?
மாமியாரின் இடது தோளெலும்பு கோணலாய் ஒட்டியிருக்கும்.
முதுகு தேய்த்துவிடும்போது என் கை அதில் இடறும்.
அவளும் சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.

போனை எடுத்துப் பார்ப்பாரா?
ஜீப் டிரைவர் நம்பரை
'மல்லிகா அக்கா' என்று பதிந்து வைத்திருக்கிறேன்.
வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்க.
வெறும் மணி கேட்க, சிஸ்டர்.

பெரியதையெல்லாம் முன்னால் எடுத்து வைத்தேன்:
போன தை மாதம் உடைந்த கடைவாய்ப் பல்,
உலைத்தண்ணீர் பட்ட தொடை,
மகள் போய் ஒளிந்துகொண்ட பீரோ.
எழுதிக்கொண்டே போனாள். தலை நிமிரவில்லை.

பதினோராவது.
'கழுத்தில் பிடிச்சிட்டுண்டோ?'

ஒரு தடவை.
இல்லை, இரண்டு.
ரத்தமெல்லாம் இல்லை சிஸ்டர், தழும்புகூட விழவில்லை.
விட்டதும் அவரேதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

பேனா நின்றது.
எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.
பட்டதிலேயே சின்னது என்று
நான் கடைசியில் போட்டு வைத்திருந்ததை எடுத்து
தாளின் தலையில் எழுதினாள், இரண்டு கோடு போட்டாள்.
'இதுக்கு அப்புறம் வர்றது அடி இல்ல, சேச்சி.
போகணும்னு நெனச்சா சொல்லாமப் போங்க.
சொல்ற ராத்திரிதான்...'
மீதியை மலையாளத்தில் சொன்னாள்.
புரிந்தது.

சாயங்காலம் தோட்டத்து கேட்டில் காய்த் திருட்டுக்குச் சோதனை.
சட்டியைத் திற என்றான் காவல்காரன்.
பருக்கை ஒட்டிய அடியில்
நாலாய் மடித்த சீட்டு, பத்து எண்கள்.
மோந்து பார்த்தான். ஏலக்காய் வாசம் இல்லை.
போ என்றான்.

கீழே கம்பத்தில் விளக்கு போட்டுவிட்டார்கள்.
ஒவ்வொரு வளைவிலும் ஜீப் சாயச் சாய
எண்களை வாய்க்குள் உருட்டினேன்.
எட்டு தங்கிவிட்டது.
மீதி இரண்டுக்காக,
தெருமுனை திரும்பி
அவர் வண்டி வாசலில் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு முன்
இன்னொரு தடவை
சட்டியைத் திறந்தாக வேண்டும்.