காலி எடை

வாளையாறு சோதனைச் சாவடிக்கு அரை கிலோமீட்டர் இப்பால்
லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கிழிப்பவள் நான்.
சிமெண்ட், வைக்கோல், கோழி,
ஒருதரம் வண்டி முழுக்க நிலைக்கண்ணாடி.
எதுவானாலும் முதலில் காலி வண்டி மேடை ஏற வேண்டும்.
அப்புறம்தான் சரக்கு.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில்
என் குடலில் ஒரு முழம் குறைத்த மறுநாள்
ஷிஜி சிஸ்டர் கேட்டாள்:
சைபரிலிருந்து பத்துவரை, எத்தனை?

காலி எடை எவ்வளவென்று
யாரும் குறித்து வைக்கவில்லையே.
ஏழு என்றேன், குறைப்பாள் என்று தெரிந்தே பேரத்தில் சொல்வதுபோல.
ஏழு என்றே எழுதிக்கொண்டாள்.

எனக்கு முதுகுத்தண்டில் நூல் தடிமனில் ஒரு குழாய்.
மார்புக்குக் கீழே ஊர் அடங்கிவிட்டது.
இடது காலும் கூடவே அடங்கி
யாரோ என் படுக்கையில் மறந்துவிட்டுப் போன காலாகக் கிடந்தது.
ரத்த அழுத்தம் இறங்கி ராத்திரி இரண்டு முறை
டாக்டர் பிரபுல்லா ஓடி வந்தார்.

பக்கத்துக் கட்டில் ஏலிக்குட்டி, மண்ணார்க்காடு.
அவள் கையில் ஒரு பொத்தான்.
அழுத்தினால் மார்ஃபின்,
பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மட்டும்.
நடுவில் எத்தனை அழுத்தினாலும் கணக்குத்தான் ஏறும்.
காலையில் மெஷினைப் பார்த்துப் படித்தார்கள்:
கேட்டது எண்பத்து மூன்று, கொடுத்தது பத்தொன்பது.
ஏலிக்குட்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு வாந்தி, மூக்கு நுனியில் ஓயாத அரிப்பு.
எனக்கு அவை இல்லை.
ஆனால் அவளுக்கு இரண்டு காலும் இருந்தன.
கட்டிலுக்குக் கட்டில் ஒப்பிட்டுக்கொண்டோம்,
சம்பந்திகள் சீர்வரிசை பார்ப்பதுபோல.

மூன்றாம் நாள் நடுச்சாமம் என் குழாய் நழுவிவிட்டது.
ஊர் முழுக்க ஒரே நேரத்தில் விழித்தது.
வலிக்குது, வலிக்குது என்றேன்.
புதிதாய் வந்த சிஸ்டர் குனிந்து
மூக்குக் குழாயைத் தளர்த்தினாள்,
மூத்திரக் குழாயைத் தளர்த்தினாள்,
எது இழுக்கிறது என்று தேடினாள்.
அவள் மொழியில் வலிப்பதென்றால் இழுப்பது.
பொய்யும் இல்லை, இழுக்கத்தான் செய்தது.

"நோவாணு மோளே, நோவு"
என்றாள் இருட்டிலிருந்து ஏலிக்குட்டி.

பாராசிட்டமால் பாட்டில் சொட்டியது.
விலாவின் இரு பக்கமும் ஊசி போட
டாக்டர் கீழேயிருந்து வர வேண்டும், லிஃப்ட் பழுது.
அதுவரை தலையணையை வயிற்றோடு சேர்த்து
இறுக்கிக்கொள்ளச் சொன்னாள் சிஸ்டர்.
இறுக்கிக்கொண்டேன்.
இருபத்திரண்டு தையல் கிளிப்பும் தனித்தனியாகப் பேசின.

அப்போது பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம்.
க்ளிக்.

"நினக்கு வேண்டி" என்றாள்.

மருந்து அவள் கைக்குத்தான் போகும்.
அவளுக்குத் தெரியும். எனக்கும்.
பத்து நிமிஷம் ஆகியிருக்கவில்லை,
அவளுக்கும்கூடப் போயிருக்காது.

டாக்டர் வந்தார், ஊசி போட்டார்.
விடிகிறபோது நாலு என்றேன், ஐந்தாகவும் இருக்கலாம்.
பக்கத்துக் கட்டிலில் கணக்குப் படித்தார்கள்:
கேட்டது முப்பத்தொன்று, கொடுத்தது பதினாறு.

கேட்டதில் ஒன்று என்னுடையது.