ஒரே ஒரு நீலம்

சுற்றறிக்கையில் ஐந்து வரி.
ஐந்தையும் இரண்டாம் வகுப்புக்குப் புரியும்படி
ஒரு பீரியடில் முடிக்க வேண்டும்.
பிறகு வண்ணம் தீட்டல்,
பிறகு சத்துணவு.

வியாசர்பாடி. ஏப்ரல்.
மின்விசிறி சுற்றுகிறது,
அதற்கும் காற்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் போகும்போது
பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டு
அது கடந்ததும் மீதிச் சொல்லைச் சொல்ல
இங்கே எல்லோருக்கும் பழக்கம்.

படத்தைக் காட்டி, 'யாரு இவரு?' என்றேன்.
முப்பத்தொரு கை.
எங்க தெரு முனையில நிக்கிறாரு மிஸ்.
எங்க ஆட்டோ பின்னாடி.
எங்க மாமா கையில பச்ச குத்திக்கினு கீறாரு.
அம்பேத்கரு மிஸ், எங்க வூட்டு காலண்டரு.
நான் அறிமுகப்படுத்த வந்தவர்
எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

'நாட்டுக்கே சட்டம் எழுதினவர்.'
ஜெகன் எழுந்தான்.
'சட்டம் எழுத மாட்டாங்க மிஸ்.
அறுப்பாங்க, அப்புறம் இழைப்பாங்க.'
அவன் அப்பாவுக்கு மூலக்கொத்தளத்தில்
படங்களுக்குச் சட்டம் போடும் கடை.
'நாலு பக்கமும் கரெக்டா இருக்கணும்.
ஒரு பக்கம் கொறஞ்சா கண்ணாடி நிக்காது.'
நான் திருத்தவில்லை.

மூன்றாவது வரி:
இளமையில் பல இன்னல்களை அனுபவித்தார்.
இன்னல் என்றால்?
புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னேன்.
பள்ளிக்கூடத்துக்கு ஒரு கோணி கொண்டுபோவார்.
அதில்தான் உட்காரணும், தள்ளி.
தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது.
பியூன் வந்தால் தண்ணீர்.
பியூன் வராவிட்டால் இல்லை.

வகுப்பு கப்சிப்.
தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கம் யாரும் விளையாடுவதில்லை.
'லாரி வர்லயா மிஸ்?'
'மோட்டார் ரிப்பேரா?'
'அடி பம்ப்பு இல்லியா அங்க?'
நிஷாந்தினி,
நாலு குடத்தை வரிசையில் நிறுத்திவிட்டு
தினமும் பத்து நிமிஷம் தாமதமாக வருகிறவள்,
தீர்ப்பே சொல்லிவிட்டாள்:
'அந்த பியூனு மேல கம்ப்ளைண்ட் குடுக்கணும்.'

பியூன் இல்ல கண்ணு, என்று ஆரம்பித்தேன்.
அதற்குமேல் வரவில்லை.
தொட்டால் என்ன என்று
தெரியாத முகங்கள்.
தெரியாததைச் சொல்லித்தரத்தான் சம்பளம்.
ஆனால் இதையா. நானா. இன்றைக்கா.

ஸ்டாஃப் ரூமில் என் டம்ளருக்கு அடியில்
நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு.
மாறிடக் கூடாதே, அதுக்குத்தான், என்றார்கள்.
வேறெந்த டம்ளருக்கும்
மாறிவிடும் பயம் இல்லை.
பதினாலு மாதமாக அதில்தான் குடிக்கிறேன்.

கை தூக்காமல் எப்சிபா மட்டும்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
இவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.
முதலில் கண்ணை எடுத்தது நான்தான்.
நல்லவேளை, ரயில் வந்தது.

வண்ணம் தீட்டல்.
கோட்டு, கண்ணாடி, புத்தகம், நீட்டிய விரல்.
உடைந்த கிரையான்கள் ஒரு டப்பா,
அதில் முழுசாக ஒரே ஒரு நீலம்,
அது மொய்தீன் கையில்.
மற்றவர்கள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்?
பச்சைக் கோட்டு வந்தது, ரோஸ் கோட்டு வந்தது,
காப்பித்தூள் நிறத்தில் ஒன்று.
பலகையில் ஒட்ட நீலம்தான் வேண்டும்
என்று ஹெச்.எம். சொல்லியிருந்தார்.

மொய்தீனிடம் போனேன்.
கோட்டு வெள்ளையாகவே கிடந்தது.
நீட்டிய விரலுக்கு நேர் எதிரே ஒரு குழாய்.
குழாயிலிருந்து தாளின் அடிவரை,
அடியும் தாண்டி பெஞ்சு மேலேயும்
தண்ணீர், தண்ணீர், அழுத்தி அழுத்தி.
'கோட்டுக்கு நீலம் எங்கடா?'
'தண்ணிக்கே சரியாப் பூடுச்சி மிஸ்.'
உள்ளங்கையை விரித்தான்.
உரித்த காகிதம் மட்டும் இருந்தது.

மணி அடித்தது. தட்டுகளோடு ஓடினார்கள்.
அந்தத் தாளை எடுத்துப்போய்
ஸ்டாஃப் ரூம் தண்ணீர் கேனுக்கு மேல்
நாலு சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டினேன்.
கைக்கு வந்த டம்ளரை எடுத்துப் பிடித்தேன்.
அடியில் பார்க்கவில்லை.
ஜன்னலோர நாற்காலியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

நாளைக்கு முதல் பீரியட்,
நிஷாந்தினி குடங்களை முடித்துக்கொண்டு வந்ததும்,
பியூனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.