ஊர் என்று எழுத

மாலை ஐந்தரைக்குக் கணினிக்கூடத்தில் மிச்சமிருந்தது
குளிரூட்டியும் ஃபைருஸும் நானும்.
நாளை ஒன்பதே காலுக்குள்
ஓர் உலகம் தயாராக வேண்டும்.

ஃபைருஸ் என்னைச் சிக்கு என்பார்.
மலாயில் அது ஆசிரியர்.
தமிழில் என்னவென்று நான் சொன்னதில்லை.
மேசைக்கடியில் மண்டியிட்டு
வயர்களைப் பிரித்துக்கொண்டிருப்பவரிடம்
எப்படிச் சொல்ல?

முதலில் வெடிமருந்தை எடுத்தேன்.
பிறகு எரிமலைக் குழம்பு, எலும்புக்கூடுகள்,
இரவில் கதவோரம் வந்து நிற்கும் பச்சை முகங்கள்.
ஓநாய் இருக்கட்டும் என்று வைத்தேன்,
பிள்ளைகளுக்கு வினைச்சொல் வேண்டுமே.
மழையை நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது.
செம்பவாங்கில் அப்போது கொட்டிக்கொண்டிருந்த மழைக்கு
அப்படி எதுவுமில்லை;
மூன்றாம் மாடித் தாழ்வாரம் முழுக்கச் சாரல்.
நாலு பக்கமும் இருநூறு கட்டைத் தொலைவில் வேலி.
அதற்கப்பால் போனவர்கள்
ஒரு பாடவேளைக்குள் திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை.
கடைசியில் சூரியனை உச்சிக்குக் கொண்டுபோய்
ஆணி அடித்தேன்.
இருட்டினால் எல்லாரும் படுக்கை தேடுவார்கள்,
வாக்கியம் எழுத மாட்டார்கள்.

உலகத்துக்கு என்ன பெயர் என்று கேட்டது.
எங்கள் ஊர் என்று தட்டினேன்.

வந்தவை
ஆறு காலிப் பெட்டிகள், ஓர் இடைவெளி,
மூன்று காலிப் பெட்டிகள்.
புள்ளிக்கும் தனியாக ஒரு பெட்டி ஒதுக்கியிருந்தது,
அந்த மட்டில் நியாயம்தான்.

ஃபைருஸ் ஏதோ ஓர் எழுத்துருவை ஏற்றிப் பார்த்தார்.
எழுத்து வந்தது.
ஆனால் பேருந்து நிறுத்தத்தில்
பகரம் முன்னே போக
அதன் கொம்பு பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தது.
மெய்யெழுத்துகளின் புள்ளியெல்லாம் தலையைவிட்டு இறங்கிப்
பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.
"பெட்டியே தேவலை, சிக்கு" என்றார்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
தெரியாதவர் கண்ணுக்கும் அது உறுத்தியிருக்கிறது.

ஆங்கில எழுத்தில், இரண்டு ஓ போட்டு,
எங்கள் ஊரைச் சேமித்துவிட்டு
எண்ணூற்று ஐம்பத்தெட்டைப் பிடித்தேன்.

மறுநாள் ஐந்து ஏ, ஐந்து சி, ஐந்து எஃப்
மூன்று வகுப்பிலிருந்தும் இருபத்தேழு பேர்,
மின்னேற்றிய கணினி இருபத்தாறு.
இடத்தை வருணித்து ஐந்து பலகை எழுதுக.
தாளில் அச்சடித்தபோது எளிமையாகத்தான் இருந்தது.

"டீச்சர், தமிழ் வரல" என்றாள் ரெய்ஹானா.
தெரியும்.
"பாக்ஸ் பாக்ஸா வருது."
தெரியும்மா.
"அப்ப எப்படி எழுதறது?"

தெரியாது என்பதை எந்த முகத்தோடு சொல்வது
என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே
பின்வரிசையில் லோகவர்மன்
கல் அடுக்கத் தொடங்கியிருந்தான்.

நேர்கோடும் சதுரமும் மட்டுமே தெரிந்த உலகத்தில்
உகரத்தின் சுழியைத் திருப்ப
நாற்பது கல்லாவது பிடித்தது.
மூன்று பேர் உதவிக்குப் பறந்து வந்தார்கள்,
ஒருத்தி இடித்தாள், ஒருவன் கத்தினான்.
அதன் தோளில் ஒரு சின்ன ள ஏற வேண்டும்
என்று நான் சொன்னதும் பெருஞ்சண்டை:
கல்லிலா, கண்ணாடியிலா?
கண்ணாடி வென்றது.
ரெய்ஹானா அந்த வளைவில் கதவு வைத்துக்
குடியேறிவிட்டாள்,
"எங்க புளோக்குலகூட இவ்ளோ உயரம் இல்ல" என்று
உள்ளிருந்து குரல் வந்தது.
யாரோ ஓநாயை மேலே ஏற்றிவிட்டார்கள்.

பக்கத்தில் ர எழும்பியது,
நெட்டையாக, ஒரு கால் கொஞ்சம் கோணலாக.

மணியடிக்க நாலு நிமிடம்.
ஐந்து பலகையில் ஒன்றுகூட இல்லை,
மதிப்பெண் கட்டங்கள் வெறுமையாக.
சரி, புள்ளி எங்கே என்று கேட்டேன்,
ஆசிரியர் என்றால் ஏதாவது கேட்க வேண்டுமே.

"கீழ வந்து நின்னு பாருங்க, டீச்சர்."

ரகரத்தின் காலடியில் போய் நின்று அண்ணாந்தேன்.
அதன் தலைக்கு நேர் மேலே
நேற்று நான் ஆணியடித்த
சதுரச் சூரியன்.

இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்து பார்த்தேன்.
ஊகாரத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.
அதுக்குப் புள்ளி கிடையாதேப்பா என்றேன்.

"அப்ப நகராதீங்க"
என்றான்.