புயல் பிறக்கும் திசைக்கு ஆறு நாள் விடுப்பு

அந்தமான் எனக்கு
செய்தியில் மட்டும் பழக்கமான ஊர்.
அதன் அருகே ஒரு தாழ்வு உருவாகும்,
வலுப்பெறும், நகரும்.
சென்னையிலிருந்து தகவல் வரும்.
கடலூர் துறைமுகத்துக் கம்பத்தில்
நான் கூண்டு ஏற்றுவேன்.

பத்தொன்பது வருஷம்.
ஒன்று, மூன்று, சில நேரம் ஏழு.
ஒரு மார்கழியில்
கூண்டையே காற்று கொண்டுபோனது.
அந்தத் திசையிலிருந்து
நல்ல சேதி எதுவும் வந்ததாக நினைவில்லை.

அமலோற்பவம்தான் சொன்னாள்:
"எப்பப் பாத்தாலும் அதுவே இங்க வருது.
ஒரு தடவை நாம போவோம்."

நைட் டூட்டி முடிந்து வந்த காலை,
மருந்துக் கம்பெனி கொடுத்த அட்டையில்
தீவுகளை எழுதினாள்.
போர்ட் பிளேரில் ஒரு ராத்திரி,
ஹேவ்லாக்கில் இரண்டு,
நீலில் ஒன்று.
நீலுக்குப் பக்கத்தில் நான் ஓர் 'அம்' சேர்த்தேன்.
அடித்துவிட்டாள்.
அங்கே படகுக் கட்டணம் எழுத வேண்டுமாம்.

ஐப்பசி கார்த்திகையில் எனக்கு லீவு கிடையாது.
மார்கழியில் விமானம் விலை ஏறிவிடும்.
தையில் அவளுடைய தலைமை நர்ஸ் வீட்டுக் கல்யாணம்.
மாசி என்று முடிவாயிற்று.
மாசி மகத்துக்குச் சாமிகளே
தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு
ஒரு நாள்தான் வருகின்றன.
நாங்கள் ஆறு நாள் கேட்கிறோம்.

சிங்காரத்தோப்பில் தேசிங்கு
வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டே கேட்டான்:
"மீன் பாக்கவா? பிளேன்ல போயா?"
ஒரு சங்கராவை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.
"பாத்துக்க. காசு வேணாம்."
உயிரோட, என்றேன்.
கொஞ்ச நேரம் நண்டோடு மட்டும் மல்லுக்கட்டினான்.
"உசுரோட நானே சரியாப் பாத்ததில்ல.
மேல வர்றதுக்குள்ள பாதி போயிடுது."

எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது.
துறைமுகத்துக்காரன் இதை
வெளியே சொல்லக்கூடாது.
லைஃப் ஜாக்கெட் உண்டு,
முகத்தை மட்டும் நீருக்குள் வைத்தால் போதும்
என்று போனில் ஒரு பையன் சொன்னான்.
அவன் குரலில் வெயில் இருந்தது.

புதுச்சேரியில் வாங்கிய கண்ணாடி, குழாய்.
மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் பிடித்த
நீல டிரம்மில் ஒத்திகை.
முப்பது எண்ணுவதற்குள்
நான் ஒரு டம்ளர் குடித்துவிட்டு எழுந்தேன்.

அவள் குனிந்தாள்.
குழாயின் முனை மட்டும் வெளியே.
போய், வந்து,
போய், வந்து,
சீராக.
இருநூறு எண்ணினேன். நிமிரவில்லை.
முதுகைத் தொட்டேன்.

நிமிர்ந்தபோது
கண்ணாடிக்குள் கண் இரண்டும் சிவந்திருந்தன.
"தண்ணி உள்ள போயிடுச்சா?"
"இல்ல.
அந்த வருஷம் வார்டுல
விடியவிடிய இந்தச் சத்தத்தத்தான்
எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்.
குழாய்க்கு அந்தப் பக்கம் எப்படியிருக்கும்னு
இன்னிக்குத்தான் கேட்டேன்."

என்ன சொல்வதென்று தெரியாமல்
துண்டை நீட்டினேன்.
வாங்கவில்லை.
"இன்னும் அம்பது எண்ணு" என்று
மறுபடி குனிந்துகொண்டாள்.
ஈரப் பின்னல் டிரம்முக்கு வெளியே
சொட்டிக்கொண்டிருந்தது.

விடுப்பு விண்ணப்பத்தில்
காரணம் என்ற இடத்தில்
சொந்த வேலை என்று எழுதினேன்.
பிறகு கோடு போட்டு அடித்துவிட்டு
மீன் பார்க்க என்று எழுதினேன்.
குமாஸ்தா மங்கையர்க்கரசி இரண்டு முறை படித்தாள்.
"எந்த மார்க்கெட்டு சார்?"

இன்று காலை தகவல்:
அந்தமான் அருகே மேலடுக்குச் சுழற்சி.
கூண்டு ஏற்றும் அளவுக்கு இல்லை.
ஆனாலும் கம்பத்தடிக்குப் போனேன்,
கயிறு ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்தேன்,
அப்படியே கிழக்கே திரும்பி நின்றேன்
பெண் கொடுத்த ஊரைப் பார்ப்பதுபோல,
ஒரு கண்ணில் சந்தேகத்தோடு.

டிக்கெட்டின் அடியில்
பொடி எழுத்தில் போட்டிருக்கிறது,
பணம் திரும்பாது என்று.