புள்ளி வைத்தவன்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு மூன்று வருடம்
எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து
என் கையெழுத்தில்தான் நடந்தது.

புள்ளியியல் முதலாண்டு, நாலடி பதினோரு அங்குலம்.
"உனக்கெதுக்குடா பந்து, பேனாவப் புடி" என்றார்
உடற்கல்வி இயக்குநர் மாசிலாமணி.
ஒரு மேசை, ஒரு மணி, கார்பன் வைத்த ஸ்கோர் புத்தகம்,
தாள் பறக்காமலிருக்க நாலு மூலைக்கும்
நாலு சல்லிக்கல்.

உடுமலையில் ஆடி மாதம் பந்து எறிந்தவனுக்குத் தெரியும்,
ஆட்டத்தில் பதினோரு பேர்.
பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தப் பதினோராவது ஆளுக்குப்
பனியன் எண் இல்லை, ஃபவுல் இல்லை.
மேற்குக் கூடைக்கு எறிந்தால் முகத்திலேயே திருப்பித் தருவான்.
கிழக்குக் கூடைக்கு எறிந்தால்
வேப்பமரத்தில் கொண்டுபோய் வைப்பான்.

இப்போது உள்ளரங்கம் கட்டிவிட்டார்கள்.
காற்றுக்கு அனுமதி இல்லை.
உள்ளே நுழைந்ததும் சுவரில் பலகை:

அதிகப் புள்ளிகள், சாதிக் அலி, 1107.
அடுத்து நாச்சிமுத்து, 1106.
அதிக ரீபவுண்ட், திருமூர்த்தி, 812.
(பந்துக்கு எம்பவே மாட்டான்;
ஷூ கயிறு கட்டக் குனிவதற்குத்தான் சிரமப்படுவான்.)
அசிஸ்ட் கணக்கு தொண்ணூற்றொன்பதிலிருந்துதான் உண்டு.
அதற்கு முன்னால் கொடுத்தவர்களை நான் எண்ணவில்லை.
எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
அதிக ஃபவுல் ராசப்பன், 131.
மூன்று வருடத்தில் ஒரு கூடைகூடப் போடாதவன்.
அதைப் பலகையில் எழுதவில்லை.

மண்டல இறுதி ஆட்டம், கடைசிக் கூடை.
புழுதிக்குள் ஏழெட்டுக் கைகள், உள்ளே விழுந்தது பந்து.
முதலில் இறங்கிய முதுகில் நாலு என்று பார்த்தேன்.
நாலு சாதிக். இரண்டு புள்ளி.
மணி அடித்தேன்.

அன்று ராத்திரி விளையாட்டு அறைக்குப் பின்னால்
துவைகல்லில் ஒட்டிக் கிடந்தது
ஒரு வெள்ளை ஒன்று.
நாச்சிமுத்துவின் பதினாலிலிருந்து
காலையிலேயே உரிந்த ஒன்று.

மெய்யெழுத்துக்குத்தான் தலையில் புள்ளி
என்று ஒன்றாம் வகுப்பில் படித்தவன்.
பொய்க்கு வைத்துவிட்டு
முப்பது வருடம் பேசாமல் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை
லோகித் என்ற பையன் 1108 அடித்தான்.
பலகையை மாற்றி எழுத வேண்டும்,
பழைய புத்தகங்களோடு வாருங்கள் என்று அழைத்தார்கள்.
பஸ்ஸில் விரல்விட்டுக் கணக்குப் போட்டேன்:
சாதிக்கிடம் இரண்டைக் கழித்து
நாச்சிமுத்துவுக்குக் கொடுத்தால்
அவனும் 1108.

நார் மில் இரைச்சலுக்கு நடுவில் போனை எடுத்தான்.
சொன்னேன். சிரித்தான்.
"அது எங்க ரெண்டு பேரு கையிலயும் படவே இல்லீங்க.
கோட்டுக்கு அக்கட்டால இருந்து
ராசப்பன் கண்ணை மூடிட்டு எறிஞ்சது.
தப்பான பக்கம் போச்சு.
காத்து இழுத்துட்டு வந்து உள்ள போட்டுச்சு."

அப்புறம், "நானும் சாதிக்கும் சும்மா குதிச்சமுங்க.
கை தட்டுனாங்க. எறங்கிட்டம்."

ராசப்பன்கிட்ட சொன்னீங்களா என்று கேட்டேன்.
மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ராசப்பனுக்குத் தாராபுரம் ரோட்டில்
கோழித்தீவனக் கடை.
இன்னும் போகவில்லை. போய் என்ன சொல்வது?
உன் எறிதல் தப்பு, ஆனால் கூடை சரி என்றா?

புத்தகத்தில் அவன் வரிசையைத் தேடினேன்.
ஃபவுல் கட்டங்களெல்லாம் நிறைந்து
புள்ளிக் கட்டம் மட்டும் வெளுப்பாக இருந்தது.
இரண்டு என்று எழுதினேன்.
பக்கத்தில் சிறியதாக, "காற்றோடு சேர்ந்து".

ஏணிமேல் பெயிண்டர்.
1107ஐச் சுரண்டியாகிவிட்டது.
கீழே குனிந்து கேட்கிறார்,
"எட்டுக்குப் பொறவு ஒரு புள்ளி வெக்கோணுமுங்களா?"

வேண்டாம் என்றேன்.