புறப்புண்

கிரிம்ஸ்பி. விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
நெவில் கார்ட்ரைட், வயது அறுபத்திரண்டு,
மீன் ஏலக்கூடத்தில் பெட்டி தூக்குகிறவர்,
நெஞ்சு வலிக்கவில்லை என்கிறார்.
முதுகுதான். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே
கொக்கி மாட்டி யாரோ இழுக்கிறார்களாம்.
சட்டை வேர்வையில் தோலோடு தோலாகிவிட்டது.

ரோஜாநிறக் கட்டத்தாளைத் துப்பியது இயந்திரம்.
தலைமாட்டில் அதன் தீர்ப்பு:
'இன்னதென்று சொல்ல முடியாத மாற்றங்கள்.'

நான் தேடியது மேடு.
படித்த பாடமெல்லாம் மேடு,
நடுகல் போல் நிமிர்ந்து நிற்கும் எஸ்டி.
இங்கே நடுகல் இல்லை.
வி ஒன்று, இரண்டு, மூன்றில்
மட்டக்கோல் வைத்து வெட்டிய பள்ளம்.
ஆர் அலை மட்டும்
இருக்கவேண்டியதைவிட உயரம்.
பள்ளத்துக்காக யாரும்
தூங்குகிறவரை எழுப்புவதில்லை.

தாளைத் தலைகீழாக்கி, பின்பக்கம் புரட்டி,
குழல்விளக்குக்கு எதிரே பிடித்தேன்.
மை ஊடே தெரிந்தது:
பள்ளம் மேடாக,
உயர்ந்த அலை ஆழக் கீறலாக.
இதயத்தின் பின்சுவர் செத்துக்கொண்டிருந்தது.
மார்பில் ஒட்டிய பட்டைகள்
அதன் எதிரொலியைத்தான் எழுதியிருந்தன.

"புரண்டு படுங்கள்."
இடது முதுகில் பச்சைகுத்திய பாய்க்கப்பல்.
பாயின் குறுக்கே 'மோரீன்'.
வெளியே காத்திருக்கும் மனைவி பெயர் ஜாய்ஸ்.
"கேட்காதீங்க, டாக்டர்."
கேட்கவில்லை. ஈரம் துடைத்து
வி எட்டை முதல் எழுத்தின் மேல் ஒட்டினேன்.
ஒன்பது, முதுகெலும்போரம், கடைசி எழுத்தில்.

அரைக் கட்டம்.
அரைக் கட்டமே ஏறியிருந்தது. முதுகில் அது போதும்.

புறப்புண் பட்டவன் நாணி
வடக்கிருந்து உயிர் விடுவான் என்கிறது என் பழைய மொழி.
இவர் நாணவில்லை; டீ கிடைக்குமா என்றார்.
வடக்கேதான் அனுப்பினோம் இவரையும்,
ஹம்பர் பாலத்துக்கு அப்பால், ரத்தக்குழாய் திறக்கிறவர்களிடம்.

"மேடு எங்கே?" என்றது அங்கிருந்து போன்.
"முதுகில்."
ஒரு மூச்சளவு மௌனம். "அனுப்பு."

டாக்ஸிக்கு நின்ற ஜாய்ஸ் கேட்டார்,
அந்தத் தாளில் அப்படி என்னதான் பார்த்தாய்?
புரட்டி, விளக்கருகே பிடித்தேன்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.
"எப்படிப் பார்த்தாலும் கிறுக்கல்தான்."
பிறகு, கைப்பையை மூடியபடி:
"அவர் முதுகையும் பார்த்திருப்பாயே?"

கப்பல் ஒன்று பார்த்தேன், என்றேன்.