கேட் ஒன்

ஏழு இருபதுக்கு
வாக்கிடாக்கியில் ரொஸ்லி இரண்டே சொல் சொன்னான்:
கேட் ஒன். மின்னல் அபாயம்.
மேற்கே புகைக்கூண்டுகளை
அதற்குள் காணவில்லை.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கரிய விளிம்பு
புளோக் 412ஐ, அப்புறம் 409ஐ,
மூங்கில் கழியில் காயப்போட்ட துணிகளோடு
விழுங்கியபடி வந்தது.

சுமத்ராக் காற்று.
கடல் தாண்டி வருவதற்கு
அதனிடம் யாரும் கடப்பிதழ் கேட்பதில்லை.
வந்ததும் எங்கள் சாய்வு நாற்காலிகளை
ஒருமுறை அசைத்துப் பார்க்கும்.
பிறகு ஒவ்வொன்றாய் நீரில் தள்ளும்.

மூன்று விசில் அடித்தேன், நீளமாக.
தலைகள் எழுந்தன. முணுமுணுத்தன. ஏறின.
"இன்னும் நாலு சுற்றுதானே" என்றார் மிஸ்டர் லோ,
சொட்டச் சொட்ட.
மின்னலிடம் கேட்டுப் பாருங்கள் சார், என்றேன்.

ஆறாம் பாதையில் மட்டும்
ஒரு நீலத் தொப்பி
மல்லாந்து, கண்மூடி,
எங்கும் போக வேண்டாத படகாய்ப் போய்க்கொண்டிருந்தது.

மேடம் சியூ எங்.
குழாயடியில் அவர் செருப்பு.
செருப்புக்குள் ஒரு புதினா மிட்டாய் டப்பா.
டப்பாவுக்குள்
அவருடைய இரண்டு காதுகள்.

மறுபடி ஊதினேன். யாருக்காக என்று தெரியாமல்.
வானம் வெள்ளையாய்க் கிழிந்து
உடனே தன்னைத் தைத்துக்கொண்டது.
ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணினேன்.
நாலு எனக்குக் கிடைக்கவில்லை.
இடி தரையிலிருந்து வந்து முழங்காலில் ஏறியது.

சுவரில் மீட்புக்கழி. ஐந்து மீட்டர்.
அலுமினியம்.
இதை வாங்கச் சொன்னவர்
மழையில் நின்றிருக்க மாட்டார்.

மிதவை வளையத்தை எறிந்தேன்.
காற்று அதை இரண்டாம் பாதைக்குக் கொண்டுபோனது.
ரொஸ்லி நீச்சல் பலகைகளை
பரோட்டா வீசுவதுபோல் வீசினான்.
ஏழாவதோ எட்டாவதோ
அவர் தோளருகே சப்பென்று விழுந்தது.

கண் திறந்தார்.
மல்லாந்திருந்தவருக்கு
நேர் மேலே மொத்த வானமும்.
அவர் முகத்தில் பயம் வரும் என்று காத்திருந்தேன்.
அது வர நேரமாயிற்று.
வேறு ஏதோ முதலில் வந்து
உட்கார்ந்துவிட்டுப் போனது.

விளிம்பில் குப்புறப் படுத்துக் கை நீட்டினேன்.
மணிக்கட்டு வரை நனைந்தது.
இரண்டு பிள்ளைகள், வீட்டுக்கடன் பாக்கி,
மனைவி காலையில் சொல்லியனுப்பிய முட்டை,
எல்லாம் அந்த மணிக்கட்டில் வந்து கூடின.
அவர் விரல்கள் தட்டுப்பட்டதும்
கலைந்து போயின.

கூரைக்கடியில்
முப்பது பேர், முப்பது துண்டுகள்,
ஆளில்லாத குளம் கொதிப்பதைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.
மழை குறுக்காகப் பெய்தது.
ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மேடம் டப்பாவைத் திறந்து
ஒரு காதை மாட்டினார்.
அடுத்த இடிக்குக் கழற்றிவிட்டார்.
யோசித்தார்.
பிறகு சிமெண்டுத் தூணில் உள்ளங்கையை ஊன்றி
என் கையையும் இழுத்து
அருகில் வைத்தார்.
"இங்கே" என்றார், கொஞ்சம் உரக்க,
தன் குரலைத் தானே கேட்காதவர்கள் சொல்வதுபோல்.

மின்னல். சத்தம். சத்தம் முடிந்தது.
தூணில் முடியவில்லை.
எங்கோ நிலத்தடியில் இன்னும்
யாரோ கனத்த மேசையொன்றை
மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.
பதினோரு வருடமாக
இந்தத் தூணில் சாய்ந்துதான் தே ஓ குடிக்கிறேன்.

"விசில் ஊதினேனே" என்றேன், காதைத் தொட்டுக் காட்டி.
"யாரோ விளக்கைப் போட்டார்கள் என்று நினைத்தேன்."

எட்டு ஐம்பதுக்கு அபாயம் நீங்கியது.
குளத்தில் மூன்று நாற்காலி, வேப்பிலை,
மிஸ்டர் லோவின் ஒற்றைச் செருப்பு.
ஆறாம் பாதையில்
409இலிருந்து வந்த பூப்போட்ட தலையணை உறை ஒன்று
காற்றை உள்ளே வைத்துக்கொண்டு
மல்லாந்து, மெதுவாக.

எடுக்கட்டுமா என்றான் ரொஸ்லி, அலுமினியக் கழியோடு.
கொஞ்சம் பொறு என்றேன்.
முதலில் குளோரின் பார்க்க வேண்டும்.